கிரேக்கத் தீவில் நான் சொன்ன ‘இல்லை’

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதம், கிரேக்க நாட்டின் சின்னத் தீவு ஒன்றில், கடற்கரையோரமாக நாற்பது வீடுகளே உள்ள மீனவக் கிராமத்தில், ஒரு போலீஸ்காரர் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். ஒரே வார்த்தைப் பொய். அதனால் ஒரு தப்பும் செய்யாத ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தப்பைச் செய்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து, கடைசியில் நீங்கள் என்மீது இரக்கப்படும்படி எழுத எனக்கு வரும். அப்படி எழுத விருப்பமில்லை.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊரில் வீடு. பிறந்தது கெமாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவர்கள். நான் படித்து ஆசிரியராகி, நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு தோட்டப் பள்ளி மாற்றி இன்னொரு தோட்டப் பள்ளியாக முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள்தான் அந்த வருடம் என்னை வரவழைத்து, “ஒரு வாரம் கடலப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருப்போம்ப்பா, வாங்க” என்று அந்தத் தீவுக்கு அழைத்துப் போனாள்.

அமைதியான இடம். வெள்ளை வீடுகள், கூழாங்கல் கரை, ஐந்தாறு படகுகள், ஒரு கடை, ஒரு சின்னத் தேவாலயம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் நாள் நான் வாய் திறக்கும் முன்பே மகள், “போர்ட் டிக்சன் மாதிரியே இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. டிக்கெட் போட்டது நானு” என்றாள். போர்ட் டிக்சன் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரை. நான் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

நாங்கள் தங்கியது அறுபது வயதுள்ள ஒரு விதவை அம்மாவின் வீட்டில். மாடியில் அவர், கீழே வாடகைக்கு இரண்டு அறைகள். நன்றாக ஆங்கிலம் பேசுவார். நான் ஆசிரியராக இருந்தவன் என்று மகள் சொன்னதிலிருந்து என்னை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டார். அவருடைய கணவரும் ஆசிரியராம். வந்த அன்றே எங்கள் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார். இங்கே மே மாதத்துக்குப் பிறகு மழை கிடையாது. காற்று எப்போது எழும் என்று தெரியாது. வெளியே சிகரெட் துண்டைப் போடக் கூடாது, கரி அடுப்பு மூட்டக் கூடாது, குப்பையைக் கொளுத்தக் கூடாது. நான் தலையாட்டினேன். எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. இறைச்சி சுட்டுத் தின்னும் ஆசையும் இல்லை. அந்தக் காகிதம் எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆலிவ் தோப்பு, வேறொருவருடையது. அங்கே வேலை செய்தவர் வங்காளதேசத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டாம் நாள் காலை நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மலாயில், “மலேசியாவா?” என்று கேட்டார். நான் அசந்துபோனேன். என் தலையில் இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் இலவசத் தொப்பியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அவர் நான்கு வருடம் மலேசியாவில் இருந்தவர்; கெமாஸ் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டியவர். எங்கள் ஆட்கள் விட்டுப் போன லயத்து வரிசை வீடுகளில்தான் இப்போது அவரைப் போன்ற வங்காளதேசத்துக்காரர்கள் இருக்கிறார்கள்.

அதன் பிறகு தினமும் காலையில் அரை மணி நேரம் வேலியின் இரு பக்கமும் நின்று மலாயில் பேசினோம். கெமாஸ் ரயில் நிலையம், ரொட்டி சானாய், மழை. அவர் என்னைப் பாக்சிக் என்றார். மலாயில் மரியாதையாக மாமா என்பது போல. ஒரு நாள் அவரே கேட்டார்:

“லயத்துக் கடைசியில ஒரு மரம் இருக்குமே பாக்சிக், செவப்புத் துணி கட்டி? அது உங்க சாமியா?”

“முனியாண்டி. தொந்தரவு எதுவும் பண்ணினீங்களா?”

“ஐயோ, நாங்க அந்தப் பக்கம் ஒண்ணுக்குக்கூடப் போறதில்ல.”

இருவரும் சிரித்தோம். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளிவந்து எங்கள் தோட்டத்துச் சாமிக்குப் பயந்த ஒருவரைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆறாம் நாள் என் மனைவியின் திதி. ஊருக்குப் போய்க் கோயிலில் செய்துகொள்ளலாம் என்றாள் மகள். நானும் சரி என்றேன். ஆனால் பெட்டியில் ஒரு கற்பூரப் பொட்டலமும் சின்னப் பித்தளைத் தட்டும் கொண்டுபோயிருந்தேன். விடிந்து ஏழரை மணிக்கு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டுத் தோப்பு ஓரம் போனேன். தீப்பெட்டி இல்லை. தோப்பில் நின்ற வங்காளதேசத்துக்காரரிடம் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து இரும்பு லைட்டரை எடுத்தார். மூடியில் நீல வண்ணம் பூசியது, கடை வாசலில் அவர் சிகரெட் பற்றவைக்கும்போது ஊரே பார்த்திருக்கும். எதற்கு என்றார். சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

“காத்து இருக்கு பாக்சிக். முடிஞ்சதும் அணைச்சிடுங்க” என்றார்.

“ரெண்டு நிமிஷம்தான்” என்றேன். அவர் தோப்பின் மறுபக்கத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

தோப்பின் மூலையில் ஒரு வயதான ஆலிவ் மரம், அடியில் ஒரு தட்டையான கல். கல்லின்மேல் தட்டை வைத்து, நான்கு கட்டிக் கற்பூரம் ஏற்றி, கடலைப் பார்த்துக் கும்பிட்டேன். கற்பூரத்தை நாங்கள் அணைப்பதில்லை. ஊதக் கூடாது, தட்டக் கூடாது, அது தானாக எரிந்து தீர வேண்டும். தோட்டத்தில் எங்கள் வழக்கம் இன்னும் ஒரு படி மேல்: மரத்தடியில் ஏற்றிக் கும்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அப்பா அப்படித்தான் செய்வார். விடியற்காலையில் பால்மரக் காட்டில், மழையில் ஊறிய சருகின்மேல் ஏற்றிய கற்பூரம் ஒரு நாளும் எதையும் பற்றியதில்லை. அந்த ஈரத்தில் வளர்ந்த புத்தி என்னுடையது. கால் அடியில் புல் அப்பளம் போல நொறுங்கியதை உணர்ந்தேன். அது எனக்கு எதையும் சொல்லவில்லை. லைட்டரைக் கல்லின்மேலேயே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

தேநீர் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். பாதிக் கோப்பை குடித்திருப்பேன். தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. பூசை மணி மாதிரி இல்லை, விடாமல், தாறுமாறாக. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து ஓடிவந்தார். தோப்பு மூலையிலிருந்து புகை படுத்தவாக்கில் வந்துகொண்டிருந்தது. தட்டிலிருந்த கற்பூரத்தைக் காற்று உருட்டியிருக்கிறது.

புல் எரியும் வேகத்தை அன்றுதான் பார்த்தேன். தீ நடக்கவில்லை, தாவியது. தோப்புக்கு மேலே சரிவில் மூன்று வீடுகள் இருந்தன. ஒன்றில் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவர். அவரை மெத்தையோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தீயணைப்பு வண்டி தீவின் துறைமுக ஊரிலிருந்து வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். அதுவரை கடலிலிருந்து வாளி வாளியாகக் கைமாற்றினோம். நானும் வரிசையில் நின்றேன். கடைசி ஆளாக, தீக்கு முன்னால் நின்றவர் எனக்கு லைட்டர் கொடுத்தவர்தான். வாளி போதாமல் ஈரச் சாக்கால் அடித்து அடித்துத் தீயை நிறுத்தப் பார்த்தார். ஒருமுறை வெறும் வாளியோடு என் பக்கம் வந்தவர், இருமிக்கொண்டே, “பாக்சிக், நீங்க அணைக்கலையா?” என்று கேட்டார். நான் நிரம்பிய வாளியை அவர் கையில் கொடுத்தேன்.

காற்று கடல் பக்கம் திரும்பியதால் பிழைத்தோம். தீ கூழாங்கல் கரைக்கு வந்து எரிய ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. முப்பது மரங்களும் ஒரு தேனீப் பெட்டி வரிசையும் ஓர் ஆட்டுக் கொட்டகையும் போயின. சாக்கால் தீயை அடித்தவரின் இரண்டு கைகளும் வெந்திருந்தன.

நண்பகல் தாண்டி ஒரு மணி சுமாருக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி எங்கள் முற்றத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினார். கருகிய லைட்டர். மூடியில் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. தட்டு கல்லுக்குப் பின்னால் சாம்பலில் புதைந்து போயிருக்க வேண்டும். அதை யாரும் கண்டெடுக்கவில்லை. இன்னொரு போலீஸ்காரர் வாசலில் லைட்டருக்குச் சொந்தக்காரரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைகளில் ஈரத்துணி சுற்றியிருந்தது. தோப்புக்காரர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா எனக்கு மொழிபெயர்த்தார். “டீச்சர், காலையில் இந்த லைட்டரை நீங்கள் வாங்கிக்கொண்டு போனதாக இவன் சொல்கிறான். வாங்கினீர்களா?”

அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. கேட்பதற்கே வெட்கப்படுகிறவர் போலக் கேட்டார். என் மகள் என் பக்கத்தில் நின்றாள். வாசலில் நின்றவர் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவரின் முகம் அது.

நான் “இல்லை” என்றேன்.

வீட்டுக்காரம்மா போலீஸ்காரரிடம் கிரேக்க மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னார். நடுவில் ‘டீச்சர்’ என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. வாசலில் நின்றவர் மலாயில், “பாக்சிக், இப்படிப் பண்ணாதீங்க” என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். என்ன சொல்கிறான் என்று போலீஸ்காரர் கேட்டார். “உதவி கேட்கிறார்” என்றேன். அதுவாவது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. கார் போய்விட்டது.

அறைக்குள் வந்ததும் மகள் கதவைச் சாத்தினாள். அலமாரியிலிருந்து கற்பூரப் பொட்டலத்தை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள்.

“தட்டு எங்கப்பா?”

நான் ஜன்னல் வழியே கருகிய தோப்பைப் பார்த்தேன்.

“அம்மாவுக்கா?”

தலையாட்டினேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குரலை இறக்கி, “நாளைக்கு மத்தியானம் ஃபெர்ரி. யாரும் சாகல. சாட்சி இல்லன்னு அந்த ஆள விட்டுருவாங்க. உங்கள உள்ள வெச்சா இன்சுலின் யாருப்பா போடுவா? சும்மா இருங்க லா. ப்ளீஸ்” என்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பயந்தது எனக்காக. ஆனால் அவள் அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. பழியில் பாதியை அவள் தூக்கிக்கொண்டாள் என்ற நிம்மதி. ஒரு தகப்பன் அப்படி நினைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன்.

மறுநாள் துறைமுக ஊருக்குப் போனோம். போலீஸ் நிலையம் படகுத் துறையை ஒட்டியே இருந்தது. நாங்கள் பெட்டிகளோடு நின்ற இடத்திலிருந்து அதன் வாசல் இருபது அடி. கதவு திறந்திருந்தது. ஃபெர்ரி வர இன்னும் அரை மணி இருந்தது. மகள் தண்ணீர் வாங்கப் போனாள். உள்ளே சுவரோரம் ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், கைகளில் வெள்ளைக் கட்டு. தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்துவிட்டார். கட்டுப் போட்ட ஒரு கையை மடியிலிருந்து கொஞ்சம் உயர்த்தினார்.

இருபது அடி. என் காலில் ஒரு கோளாறும் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த ஃபெர்ரி நேர அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன். கிரேக்க எழுத்து, ஒன்றும் புரியாது. மகள் வந்து தோளைத் தொடும்வரை படித்துக்கொண்டிருந்தேன்.

ராசாவுக்குத் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள், கிரீஸ் எப்படி என்று. கைப்பேசியில் கடல் படங்களைக் காட்டினேன். “சார் இனிமே நம்மகூட போர்ட் டிக்சன் வருவாரா? தண்ணி கலங்கலா இருக்கும்பாரு” என்று காலை நடைக்கு வரும் நண்பர் கிண்டல் செய்தார். சிரித்தேன். இரண்டு மாதம் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபரில் மகள் கூப்பிட்டாள். வீட்டுக்காரம்மா அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் அந்த ஆளுக்கு வழக்கு. அன்று காலை நீங்கள் எடுத்த படங்களில் அவன் தோப்பு மூலையில் நிற்பது போல ஏதாவது இருக்கிறதா, இருந்தால் தோப்புக்காரருக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டிருந்தார். மகள் படித்துக் காட்டினாள். விட்டுவிடுவார்கள் என்று நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அன்றோடு முடிந்தது.

அன்று மாலையே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். மனைவியின் திதி, எங்கள் வழக்கம், என் வயது, சர்க்கரை வியாதி எல்லாம் அதில் இருந்தன. படித்துப் பார்த்தபோது அது மன்னிப்புக் கடிதமாக இல்லை, எனக்கு நானே எழுதிய சிபாரிசுக் கடிதமாக இருந்தது. கிழித்துவிட்டு ஐந்தே வரிகள் எழுதினேன். லைட்டரை வாங்கியது நான். நெருப்பு வைத்தது நான். அணைக்காமல் வந்தது நான். அவர் எச்சரித்தார். போலீஸிடம் நான் பொய் சொன்னேன்.

அதைச் சத்தியக் கூற்றாக்க சிரம்பான் டவுனில் சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவரிடம் போனேன். தமிழர்தான். படித்துவிட்டு முத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “சார், இதுல கையெழுத்துப் போட்டா மாட்டிக்கிறது நீங்கதான். நல்லா யோசிச்சீங்களா?” என்றார்.

“யோசிச்சிக்கிட்டே இருந்ததுலதான் ரெண்டு மாசம் போயிருச்சு. குத்துங்க” என்றேன்.

மகளுக்கு அனுப்பினேன். மறுநாள், “கிரேக்க மொழியில மாத்த ஆள் பிடிச்சிட்டேன்ப்பா. வக்கீலையும் கேட்டிருக்கேன்” என்று மட்டும் சொன்னாள். என்னைவிட அவளுக்கு அது கடினமாக இருந்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். அவர்மீதான வழக்கைக் கைவிட்டார்கள். என்மீது பதிந்து, நான் இல்லாமலேயே விசாரித்து, கவனக்குறைவால் தீ வைத்த குற்றத்துக்கும் பொய் சொன்ன குற்றத்துக்கும் தண்டனை விதித்து, வயதைக் கருதி நிறுத்திவைத்தார்கள். வீட்டுக்காரம்மா ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: “ஓர் ஆசிரியர் பொய் சொல்ல மாட்டார் என்று போலீஸுக்கு நான்தான் உறுதி சொன்னேன். இனி இந்த ஊரில் யாருக்காகவும் நான் பேச முடியாது.” நான் எழுதிய எதற்கும் அதன்பின் அவர் பதில் போடவில்லை.

லைட்டர் கொடுத்தவருடைய எண்ணை வக்கீல் மூலம் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். எடுத்தார். வேறோர் ஊரில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஸ்ட்ராபெரி பறிக்கிறார். தோப்புக்காரர் வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. வழக்கு முடிந்த பிறகும் எடுக்கவில்லை. எரிந்த மரங்களைப் பார்க்கும்போது இவன் முகம்தான் நினைவுக்கு வருகிறது என்றாராம். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இதையெல்லாம் அவர் புகாராகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னார்.

நான் மலாயில் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “பாக்சிக், ஒண்ணு கேக்கணும். ஃபெர்ரி ஏறின அன்னைக்கு, போலீஸ் ஸ்டேஷன்ல நான் கையத் தூக்கினேன். நீங்க என்னைப் பாத்தீங்களா?” என்றார்.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வயதானவன், கண் சரியில்லை, வெயில். அவரே அந்த வழியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது.

“பாத்தேன்” என்றேன்.

“அப்படியா” என்றார். பின்னால் கூடாரத்தின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. “நீங்க பாக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன். பாத்திருந்தா உள்ள வந்திருப்பீங்கன்னு. சரி பாக்சிக், வேலைக்குக் கூப்பிடுறாங்க.”

அதன்பின் பலமுறை கூப்பிட்டுவிட்டேன். எடுப்பதில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. அத்தனை மாதமும் அவர் மனதில் எனக்கு ஒரு நல்ல பெயர் மிச்சம் இருந்திருக்கிறது. அதை என் வாயாலேயே அழித்த அந்தப் ‘பாத்தேன்’தான், தீக்குப் பிறகு அவர் கேட்டதற்கு நான் சொன்ன முதல் உண்மையான பதில்.